ஏழாண்டு அரசி
மைசூரின் முன்னோடிப் பெண்கள் – 4

மகாராணி லட்சுமம்மண்ணியின் கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட காலத்தில், அரண்மனைக் காவலுக்குள் இருந்தபடியே தம் தூதர் திருமலராவைத் தஞ்சாவூருக்கு அனுப்பி, 1782-இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் பேசியவர் அவர். 1799-இல் ஐந்து வயதுச் சிறுவன் கிருஷ்ணராஜ உடையாரை அரியணையில் அமர்த்திப் பார்க்கும்வரை அவர் ஓயவில்லை.

அதன்பிறகு ஒரு நூற்றாண்டு நிறைவதற்குள் அதே நிலை திரும்பவும் வந்தது. கணவரை இழந்த ஓர் அரசி, பத்து வயதுப் பிள்ளை, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஆங்கில அரசு. இந்த முறை அந்த இடத்தில் நின்றவர் மகாராணி கெம்ப நஞ்சம்மண்ணி. மைசூர் மக்கள் அவரை அறிந்தது 'வாணி விலாச சன்னிதானம்' என்ற பட்டப்பெயரால். 1895 முதல் 1902 வரை மகன் சார்பில் நாட்டின் பொறுப்பை ஏற்றிருந்தவர் அவரே.

வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஏழாண்டு அநேகமாக ஒரே வரியில் முடிந்துவிடும். பத்தாம் சாமராஜேந்திர உடையார் மறைந்தார், மகாராணி சில காலம் பொறுப்பில் இருந்தார், பிறகு நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் பொற்காலம் தொடங்கியது என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த ஒரே வரிக்குள் என்னவெல்லாம் நடந்தது என்பதே இந்த வாரக் கதை.

களலே வீட்டுப் பெண்

நஞ்சன்கூட்டுக்கு அருகில் உள்ள சிற்றூர் களலே. மைசூர் வரலாற்றில் இந்த ஊரின் எடை பெரிது. உடையார்களுக்குத் தளவாய்களை, அதாவது படைத்தலைவர்களை, தந்த குடும்பம் இங்கிருந்து வந்ததுதான். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் தளவாய் தேவராஜய்யாவும் அவர் தம்பி நஞ்சராஜய்யாவும் அரசரை ஒப்புக்கு வைத்துக்கொண்டு நாட்டை நடத்தினார்கள். திருச்சிராப்பள்ளிக் கோட்டை கிடைக்கும் என்ற வாக்கை நம்பி ஆற்காட்டு நவாப் முகமது அலிக்குப் படையுதவி செய்து, கோட்டையும் கிடைக்காமல் கருவூலத்தையும் காலி செய்துகொண்டு திரும்பியவர் இந்த நஞ்சராஜய்யாதான். நம் ஊர் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு அவர் பெயர் புதிதல்ல.

அந்தக் களலே குடும்பத்தில் 1866-இல் பிறந்தவர் கெம்ப நஞ்சம்மண்ணி. 1878-இல், பன்னிரண்டு வயதில், பதினைந்து வயது சாமராஜேந்திரருக்கு மணமுடிக்கப்பட்டார்.

திருமணம் நடந்தபோது மாப்பிள்ளைக்குப் பெயரளவில்தான் நாடு இருந்தது. 1831-இல் ஆங்கிலேயர் மைசூர் நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டிருந்தனர். முதிய மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு நேர்வாரிசு இல்லாததால், அவர் 1865-இல் தத்தெடுத்த பிள்ளை சாமராஜேந்திரர். அந்தத் தத்தை ஆங்கில அரசு ஏற்குமா என்பதே இரண்டு ஆண்டுகள் கேள்வியாக இருந்தது. திருமண ஆண்டிலோ நாடு பெரும் பஞ்சத்திலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மைசூர் ராஜ்ஜியம் தன் மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினரை இழந்தது. பின்னால் வரப்போகும் அணைகளுக்கும் ஏரிகளுக்கும் காரணம் தேடினால், இந்தப் பஞ்சத்தில்தான் போய் நிற்போம்.

1881 மார்ச் 25 அன்று ஆட்சி மீண்டும் உடையார்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கிடைத்த நாடு அது. இலவசமாகக் கிடைக்கவில்லை. ஆண்டுதோறும் ஆங்கில அரசுக்குக் கட்டவேண்டிய கப்பம் 24½ லட்சம் ரூபாயிலிருந்து 35 லட்சமாக உயர்த்தப்பட்டது. பஞ்சத்தின் கடன்சுமையைக் கருதி, கூடுதல் தொகை மட்டும் 1896 வரை தள்ளிவைக்கப்பட்டது. அந்த 1896 யார் தலையில் விடியப்போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

அடுத்த பதின்மூன்று ஆண்டுகள் அந்த இளம் தம்பதிக்கு நல்ல ஆண்டுகளாக அமைந்தன. செங்கல்பட்டுப் பக்கத்திலிருந்து போன திவான் ரங்காச்சார்லு 1881-இலேயே பிரதிநிதிகள் சபையைக் கூட்டினார். 1883-இல் அவர் மறைந்தபின் பாலக்காட்டுத் தமிழரான கே. சேஷாத்ரி ஐயர் திவானாக வந்தார். அரண்மனையில் குழந்தைகள் பிறந்தனர். மூத்தவர் ஜயலட்சுமம்மண்ணி, அடுத்தவர் கிருஷ்ணாஜம்மண்ணி, 1884 ஜூன் 4-இல் பட்டத்து இளவரசர் கிருஷ்ணராஜர், பிறகு செலுவாஜம்மண்ணி, 1888 ஜூன் 5-இல் இளையவர் கண்டீரவ நரசிம்மராஜர்.

கல்கத்தாவிலிருந்து வந்த செய்தி

1894 டிசம்பரில் மகாராஜா கல்கத்தாவில் இருந்தார். அங்கே தொண்டை அடைப்பான் நோய் அவரைத் தாக்கியது. இன்று குழந்தைப் பருவத் தடுப்பூசியால் நாம் மறந்தேவிட்ட டிப்தீரியாதான் அது. டிசம்பர் 28 அன்று, முப்பத்தோராவது வயதில், சாமராஜேந்திரர் காலமானார். அவரை எரியூட்டிய காளிகாட் பகுதியில், ஆதிகங்கைக் கரையோரம், மைசூர் அரச குடும்பம் எழுப்பிய நினைவுத் தோட்டம் இருக்கிறது.

மகாராணிக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பட்டத்து இளவரசருக்குப் பத்து. கடைக்குட்டிக்கு ஆறு.

கணவரை இழந்த பெண்ணை வீட்டின் ஓர் அறைக்குள் ஒதுக்கிவைத்த காலம். அரண்மனைப் பெண்கள் திரைமறைவில் வாழ்ந்த காலமும்கூட. இப்படிப்பட்ட இடத்தில் ஆங்கில அரசுக்கு எளிய வழி ஒன்று இருந்தது. இளவரசர் வயதுக்கு வரும்வரை தங்கள் பிரதிநிதியான ரெசிடெண்டின் மேற்பார்வையில் நாட்டை அதிகாரிகளிடம் விட்டுவிடலாம். மைசூரில் ஐம்பது ஆண்டுகள் அப்படி ஆண்ட பழக்கமும் அவர்களுக்கு இருந்தது.

அப்படி நடக்கவில்லை. 1895 பிப்ரவரி 1 அன்று சிறுவன் கிருஷ்ணராஜருக்குப் பட்டம் சூட்டப்பட்டது. மகாராணி அவர் சார்பில் ஆளும் ரீஜெண்டாக அறிவிக்கப்பட்டார். அவருக்குத் துணையாகத் திவான் தலைமையில் ஓர் ஆலோசனைச் சபை அமைந்தது. திருச்சிராப்பள்ளியில் பிறந்து, மைசூரின் தலைமை நீதிபதியாக உயர்ந்த டி.ஆர்.ஏ. தம்புச் செட்டியாரும், பழைய திவான் பூர்ணய்யாவின் வழிவந்த பி.என். கிருஷ்ணமூர்த்தியும் அந்தச் சபையில் இருந்தனர்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். அன்றாட நிர்வாகத்தை நடத்தியது சேஷாத்ரி ஐயரும் சபையும்தான். திட்டங்களைத் தீட்டியவர்கள் பொறியாளர்கள். பெரிய முடிவுகளுக்கு ஆங்கில அரசின் ஒப்புதலும் வேண்டும். மகாராணியே எல்லாவற்றையும் செய்தார் என்று எழுதினால் அது புகழ்ச்சியாகும், வரலாறு ஆகாது. ஆனால் அவர் இடத்தில் இருந்த ஒருவர் 'மகன் பெரியவன் ஆகட்டும், அதுவரை எதுவும் புதிதாக வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். கப்பம் 35 லட்சமாக ஏறிய 1896-உம் அவர் பொறுப்பில் இருந்தபோதுதான் வந்தது. கையைக் கட்டிக்கொள்ள எல்லா நியாயமும் இருந்தது. மகாராணி அதைச் செய்யவில்லை என்பதில்தான் அவருடைய ஆட்சியின் பெருமை இருக்கிறது.

தீயும் கொள்ளைநோயும்

1897-ஆம் ஆண்டு அரண்மனையில் கல்யாணக் களை. மூத்த மகள் ஜயலட்சுமம்மண்ணிக்கும் மகாராணியின் தம்பி காந்தராஜ அர்ஸுக்கும் திருமணம். தென்னாட்டுக் குடும்பங்களில் வழக்கமான தாய்மாமன் சம்பந்தம். கணவரை இழந்த தாய், தம் மகளைத் தம் பிறந்த வீட்டோடு இன்னொரு முறை பிணைத்துக்கொண்டார். அந்தக் கல்யாண வேளையில்தான் அரண்மனையில் தீப்பிடித்தது. திப்புவின் வீழ்ச்சிக்குப் பிறகு கட்டப்பட்ட பழைய அரண்மனை பெரும்பாலும் மரத்தால் ஆனது. தீ வேகமாகப் பரவி அதைத் தின்றுவிட்டது.

குடும்பம் அருகிலிருந்த ஜகன்மோகன அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது. புதிய அரண்மனை கட்டும் பொறுப்பு ஹென்றி இர்வினிடம் கொடுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தோடும் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் சிவப்புக் கட்டடங்களோடும் பெயர் சேர்ந்தவர் இந்த இர்வின். அதே ஆண்டு தொடங்கிய வேலை 1912-இல் முடிந்தது. ஆன செலவு 41,47,913 ரூபாய். இன்று ஞாயிற்றுக்கிழமை மாலைகளிலும் தசராவின்போதும் விளக்கொளியில் நாம் நின்று பார்க்கும் மைசூர் அரண்மனை இதுதான். மகன் ஆண்ட காலத்தின் அடையாளமாக அது சொல்லப்படுகிறது. அதைக் கட்ட முடிவெடுத்ததும் அடித்தளம் எழுந்ததும் தாயின் பொறுப்புக் காலத்தில்.

வீடு எரிந்த அந்த ஆண்டிலேயே, 1897 ஜூன் மாதம், பெங்களூரில் ஒரு மருத்துவமனைக்கு மகாராணி அடிக்கல் நாட்டினார். அதுதான் விக்டோரியா மருத்துவமனை. 1900 டிசம்பரில் வைஸ்ராய் கர்சன் அதைத் திறந்துவைத்தார்.

அது திறக்கப்படுவதற்குள் பேரிடர் முந்திக்கொண்டது. பம்பாயில் பரவிய பிளேக் 1898 ஆகஸ்டில் ரயிலேறி பெங்களூருக்கு வந்தது. மைசூர் நகரத்தையும் அது விடவில்லை. எலி செத்து விழுந்த வீட்டைப் பூட்டிவிட்டு, குடும்பங்கள் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கின. காற்றும் வெளிச்சமும் வராத குறுகிய தெருக்களே நோய்க்கு உதவுகின்றன என்பதை அரசு கண்முன்னே பார்த்தது. அகன்ற தெருக்களும் வடிகால்களும் கொண்ட புதிய குடியிருப்புகளாக மல்லேஸ்வரமும் பசவனகுடியும் பெங்களூரில் உருவானது இந்தக் கட்டத்தில்தான். மைசூர் நகரத்தைச் சீர்படுத்துவதற்கென்றே தனி வாரியம் 1903-இல் வந்தது. மகாராணி பொறுப்பை ஒப்படைத்த மறு ஆண்டு அது.

தண்ணீரும் மின்சாரமும்

சித்திரதுர்கா பகுதியைப் பார்த்தவர்களுக்கு அதன் வறட்சி தெரியும். பஞ்சம் கடுமையாகப் பிடித்த வட்டாரங்களில் அதுவும் ஒன்று. அங்கே ஹிரியூருக்கு அருகில் வேதாவதி ஆறு இரு மலைகளுக்கு இடையே ஓடும் இடம் மாரிக்கணிவே. அந்தக் கணவாயில் 1898-இல் அணைகட்டத் தொடங்கினார்கள். பத்தாண்டுக்குச் சற்றுக் குறைவான உழைப்புக்குப் பின் எழுந்த அந்த நீர்த்தேக்கத்துக்கு மகாராணியின் பெயரே சூட்டப்பட்டது: வாணி விலாச சாகரம்.

மழை அரிதான மண்ணில் கட்டிய அணை எளிதில் நிரம்பாது. 1933-இல் அது நிரம்பி வழிந்தது. அதற்குப்பின் அப்படி வழிந்தது 2022 செப்டம்பரில், எண்பத்தொன்பது ஆண்டுகள் கழித்து. அன்று ஹிரியூர் மக்கள் திரண்டு வந்து கொண்டாடினார்கள். நிரம்பாத ஆண்டுகளிலும் அந்த வறண்ட நிலத்துக்குத் தண்ணீர் தந்துகொண்டுதான் இருந்தது அந்த அணை.

அடுத்தது காவிரி. சிவனசமுத்திரத்தில் ஆறு பாறையிலிருந்து விழுகிறது. அந்த வேகத்தை மின்சாரமாக மாற்றி, கோலார் தங்கவயலுக்குக் கம்பி வழியே அனுப்பலாம் என்ற திட்டத்தை முன்வைத்தவர் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர். இன்று சொல்ல எளிதாக இருக்கிறது. அன்று மின்சாரத்தை அவ்வளவு தொலைவுக்கு அனுப்பிய அனுபவம் உலகிலேயே மிகச் சிலரிடம்தான் இருந்தது. சிவனசமுத்திரத்துக்கும் கோலாருக்கும் இடையே 147 கிலோமீட்டர். நடுவில் எங்கே தவறினாலும் போட்ட பணம் ஆற்றோடு போகும். ஆற்றின் மறுகரையோ சென்னை மாகாணம். கொள்ளேகால் அப்போது கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே சென்னை அரசோடும் பேசித் தீர்க்கவேண்டியிருந்தது.

சேஷாத்ரி ஐயர் இந்தத் திட்டத்துக்காகப் போராடினார். மகாராணியின் அரசு அதற்குப் பணத்தை ஒதுக்கியது. 1902 ஜூன் இறுதியில் காவிரியின் மின்சாரம் கோலாரை எட்டியது. அந்தச் சுரங்கங்களின் ஆழத்தில் பாறை உடைத்தவர்களில் பெரும்பான்மையோர் வடாற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து போன தமிழ்க் கூலித் தொழிலாளர்கள். அவர்கள் வெட்டிய தங்கத்தின் வருமானமும், அவர்கள் தலைக்குமேல் ஓடிய மின்சாரமும் சேர்ந்துதான் புதிய மைசூரை எழுப்பின. மகாராணியைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

சேஷாத்ரி ஐயர் இந்த வெற்றியைப் பார்க்கவில்லை. உடல்நலம் கெட்டு 1901-இல் பதவியிலிருந்து விலகியவர், அதே ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

பெண்களின் பள்ளி

அரண்மனை அதிகாரி அம்பில் நரசிம்மய்யங்கார் 1881-இல் மைசூரில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு ஆதரவாக நின்று பெயரையும் தந்தது அரசியின் ஸ்தானம். அது மகாராணி பள்ளியாயிற்று. உயர்சாதி வீடுகளில் வயதுக்கு வந்த பெண்ணை வாசல்தாண்டி அனுப்பத் தயங்கிய காலத்தில், அரண்மனையே முன்நின்ற பள்ளி என்பதால் பலர் துணிந்தார்கள். மகாராணியின் பொறுப்புக் காலத்தை ஒட்டி அது கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. மைசூரின் மகாராணி கல்லூரிகள் அந்த வேரிலிருந்து வந்தவை.

குழந்தை மணத்துக்கு எதிரான மைசூர்ச் சட்டம் கணவரின் இறுதி ஆண்டான 1894-இல் வந்தது. எட்டு வயது நிரம்பாத பெண் குழந்தைக்குத் திருமணம் செய்வதையும், ஐம்பது வயதைக் கடந்த ஆண் பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுமியை மணப்பதையும் அது தடுத்தது. இன்றைய கண்ணுக்கு அது மிகச் சிறிய அடி. அதையே கடுமையாக எதிர்த்தவர்கள் இருந்தார்கள். அதை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு, பன்னிரண்டு வயதில் மணமாகி இருபத்தெட்டு வயதில் கணவரை இழந்த பெண்ணின் அரசுக்கு வந்து சேர்ந்தது.

ஒப்படைத்த நாள்

இவ்வளவுக்கும் நடுவே அவர் ஒரு தாய். மகனை அரசனாக வளர்க்கவேண்டிய தாய். ஸ்டுவர்ட் ஃபிரேசர் என்ற ஆங்கில அதிகாரி இளவரசருக்கு ஆசிரியராக அமர்த்தப்பட்டார். சமஸ்கிருதமும் கன்னடமும் கர்நாடக இசையும் ஆங்கிலப் படிப்பும் சேர்ந்தே நடந்தன. கிருஷ்ணராஜர் பின்னாளில் காட்டிய அடக்கத்துக்கும் ஒழுங்குக்கும் காரணம் தாய் வளர்த்த விதம் என்றே மைசூரில் சொல்வார்கள். 1900 ஜூனில் அவருக்குக் கத்தியவாரின் வனா அரச குடும்பத்துப் பிரதாபகுமாரியோடு திருமணம் நடந்தது.

1902-இல் இளவரசருக்குப் பதினெட்டு நிரம்பியது. ஆகஸ்ட் 8 அன்று, ஜகன்மோகன அரண்மனையில், வைஸ்ராய் கர்சன் முன்னிலையில் ஆட்சியதிகாரம் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு வந்தது. பிள்ளைக்காக அதிகாரத்தைப் பிடித்த கை, பிள்ளை வளர்ந்தபின் அதை விடாமல் இறுக்கிய கதைகள் எல்லா நாட்டு வரலாற்றிலும் உண்டு. மைசூரில் அப்படி ஒன்று நடக்கவில்லை. குறித்த வயது வந்ததும் மகாராணி விலகிக்கொண்டார். கருவூலமும் குலையவில்லை, பாதியில் கைவிட்ட வேலையும் இல்லை. மகன் கைக்கு வந்தது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நாடு.

குடும்பம் விட்டுச்சென்ற வீடுகள்

அதன்பிறகு அவர் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அவற்றில் துக்கமும் கலந்திருந்தது. இரண்டாவது மகள் கிருஷ்ணாஜம்மண்ணியையும் அவருடைய பெண் குழந்தைகளையும் காசநோய் கொண்டுபோயிற்று. பணமும் வைத்தியரும் அரண்மனையும் இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. அக்காவின் நினைவாக மகாராஜா மைசூரில் எழுப்பிய காசநோய் மருத்துவமனை 1921 முதல் ஏழைகளுக்கு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. 'பி.கே.டி.பி. சானடோரியம்' என்று ஊரார் சொல்வது அந்த இளவரசியின் பெயரைத்தான்.

மைசூருக்குப் போகிறவர்கள் மற்ற பிள்ளைகளையும் தெருவிலேயே சந்திக்கலாம். மானசகங்கோத்ரி பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கும் ஜயலட்சுமி விலாசம், மூத்த மகளுக்காகக் கட்டிய மாளிகை. இன்று அங்கே நாட்டுப்புறக் கலைப்பொருள்களின் அருங்காட்சியகம் இருக்கிறது. அவர் கணவர் காந்தராஜ அர்ஸ் 1919 முதல் 1922 வரை மைசூரின் திவானாக இருந்தார். கடைசி மகள் செலுவாஜம்மண்ணியின் மாளிகையில் 1950 முதல் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மகப்பேற்றுக்கு மைசூர்ப் பெண்கள் போகும் செலுவாம்பா மருத்துவமனையும் அவர் பெயர் தாங்கியதே.

வாணி விலாச சன்னிதானம் 1934-இல் காலமானார். அடுத்த ஆண்டு பெங்களூரில் திறக்கப்பட்ட பெண்கள், குழந்தைகள் மருத்துவமனைக்கு வாணி விலாஸ் என்று பெயரிட்டார்கள். 1940-இல் இரு மகன்களும் சில மாத இடைவெளியில் மறைந்தனர். மூத்தவருக்குப் பிள்ளை இல்லாததால், இளையவரின் மகன் ஜயசாமராஜேந்திரர் அரியணை ஏறினார். ஸ்ரீவித்யைக் கீர்த்தனைகளை இயற்றிய அந்தப் பேரன்தான் 1964 முதல் 1966 வரை நம் சென்னை மாநிலத்தின் ஆளுநராக இருந்தவர்.

கிருஷ்ணராஜரின் முப்பத்தெட்டு ஆண்டு ஆட்சியைக் காந்தியடிகள் உள்ளிட்ட பலர் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுக்கு அவர் முழுத் தகுதி உடையவர். ஆனால் அவர் பதவியேற்ற நாளில் கோலாரில் மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. மாரிக்கணிவேயில் சுவர் எழுந்துகொண்டிருந்தது. அரண்மனை வளர்ந்துகொண்டிருந்தது. பெண்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மைசூரின் நவீன வரலாற்றை 1902-இலிருந்து எண்ணுவது பிழை. 1895-இலிருந்து எண்ணவேண்டும். அந்த ஏழாண்டை 'இடைக்காலம்' என்று தாண்டிப்போகும் பழக்கத்தைப் பள்ளிப் பாடநூல்களேனும் கைவிடவேண்டும்.

அடுத்த வாரம் களலேயிலிருந்து கூப்பிடு தொலைவிலுள்ள நஞ்சன்கூட்டுக்குப் போகிறோம். பத்து வயதில் மணமாகி, பதினான்கில் கணவரை இழந்து, பின்னர் கன்னடத்தில் பெண்களுக்கென்று சொந்தப் பதிப்பகமே நடத்திய திருமலாம்பாவின் கதை அது.

(தொடரும்)